சுவரில் பூஞ்சணம்: அறிகுறியிலிருந்து காரணத்துக்குச் செல்லும் வழிமுறை

வடகிழக்குப் பருவமழை தொடங்கி இரண்டு மூன்று வாரங்கள் ஆவதற்குள், தமிழகக் கடலோர ஊர்களின் வீடுகளில் சுவர் மூலைகளிலும் பீரோவின் பின்புறத்திலும் கரும்புள்ளிகள் தோன்றத் தொடங்குகின்றன. பெரும்பாலான வீடுகளில் இதற்குச் செய்யப்படுவது ஒன்றுதான்: மழை விட்டதும் சுரண்டி, பட்டி பார்த்து, பொங்கலுக்குள் பெயிண்ட் அடித்துவிடுவது. அடுத்த ஐப்பசியில் அதே கறை அதே இடத்தில் தலைகாட்டும்போது பெயிண்டின் தரத்தைக் குறை சொல்கிறோம். குறை பெயிண்டில் இருப்பது அரிது.

பூஞ்சணத்தின் நுண்வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் எப்போதும் இருக்கின்றன. அவை தின்று வளர்வதற்குத் தூசி, மரம், காகிதம், தோல், பெயிண்டிலுள்ள பசை என எதுவும் போதும்; நம் ஊர் வெப்பமோ ஆண்டு முழுவதும் அவற்றுக்கு ஏற்றதாகவே இருக்கிறது. ஆகவே நாம் கட்டுப்படுத்தக் கூடியது நீர் ஒன்றுதான். அந்த நீர் மழைக்கசிவாகவோ, குழாய்க் கசிவாகவோ, தரையிலிருந்து ஏறும் ஓதமாகவோ, காற்றிலுள்ள ஈரமாகவோ வருகிறது. ஒவ்வொன்றும் வெவ்வேறு தடயத்தை விட்டுச் செல்கிறது. ஒன்றுக்கான பரிகாரம் மற்றொன்றுக்குப் பயன்படாது என்பதோடு, சில சமயம் நிலைமையை மோசமாக்கியும் விடும்.

முதலில் செய்ய வேண்டிய இரண்டு சோதனைகள்

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்றை வாங்க வேண்டும். மலிவான மானிகள் ஐந்து பத்து விழுக்காடு தவறாகக் காட்டுவது சாதாரணம் என்பதால், பயன்படுத்துவதற்கு முன் சரிபார்த்துக்கொள்வது நல்லது. ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பை இட்டு, சில துளி நீர் விட்டு, ஈரமணல் பதத்துக்குக் குழைத்து, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு மூடி வைத்தால் அது 75 விழுக்காடு காட்ட வேண்டும். 80 காட்டினால், இனி அது காட்டும் அளவிலிருந்து ஐந்தைக் கழித்துக்கொள்ளலாம். வீட்டுக்குள் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது. அது எப்போதாவது ஏறுவதில் பெரிய தீங்கில்லை. சுவர்ப்பரப்பை ஒட்டிய காற்று 80 விழுக்காட்டுக்கு மேல் நாள்கணக்கில் நிற்பதுதான் பூஞ்சணத்துக்கு வேண்டியது.

அடுத்தது அலுமினியத் தாள் சோதனை. சமையலறையில் சப்பாத்தி சுற்றப் பயன்படும் அதே தாளில் ஓரடிச் சதுரம் வெட்டி, கறைக்கு அருகே சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதபடி நாடாவால் ஒட்டி, இரண்டு நாட்கள் விட்டுவிட வேண்டும். தாளின் வெளிப்புறம், அதாவது அறையைப் பார்த்த பக்கம், நனைந்திருந்தால் ஈரம் காற்றிலிருந்து வருகிறது. பிரித்தெடுக்கும்போது சுவரைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் நீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. நாடாவே ஒட்ட மறுக்குமளவுக்குச் சுவர் ஊறியிருந்தால் சோதனை தேவையில்லை. பெரும்பாலும் அது கசிவுதான்.

அறிகுறி: சுவரின் அடிப்பகுதியில் வெண்பொடி, பெயிண்ட் பொருக்கு

தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை பெயிண்ட் உப்பி உதிர்ந்து, உள்ளே வெண்மையாகப் பொடி பூத்திருந்தால், அது பெரும்பாலும் பூஞ்சணமே அல்ல. சுவருக்குள் கரைந்திருந்த உப்பு, நீரோடு மேலேறி வந்து, நீர் உலர்ந்ததும் பரப்பில் படிந்தது. பொடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உப்பாக இருப்பின் கரைந்து மறையும். பூஞ்சணம் கரையாது, தேய்த்தால் இழுசும். உப்பு கைக்கு நறநறவென்று படும்.

இது ஓதத்தின் அடையாளம். அடித்தளத்துக்கும் சுவருக்கும் இடையே ஈரம் ஏறாமல் தடுக்கும் படலம் இடப்படாத பழைய வீடுகளிலும், இட்டும் பயனற்றுப்போன வீடுகளிலும் இது வரும். பயனற்றுப்போவதற்கு நம் நகரங்களில் ஒரு தனிக் காரணம் உண்டு. பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிய தார் போடுவதால் தெரு ஆண்டுக்காண்டு உயர்கிறது. அதை ஈடுகட்ட வீட்டுக்காரர் முற்றத்தில் மண் கொட்டி உயர்த்துகிறார். முடிவில் மண் அந்தத் தடுப்புப் படலத்தையும் தாண்டிச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. ஆகவே முதல் வேலை, சுவரை ஒட்டிக் கிடக்கும் மண்ணையும் செடித்தொட்டிகளையும் அகற்றி, மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய் சுவரடியிலேயே கொட்டாமல் தள்ளிப் போய் விழும்படி செய்வது. செலவு அதிகமில்லாத இந்த வேலையே பல வீடுகளில் பாதிக் குறையைத் தீர்த்துவிடும்.

செய்யக் கூடாதது, கறையை மறைக்க மூன்றடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டுவது. உலர்வதற்கு வழியில்லாத நீர் டைல்ஸுக்கு மேலே நான்காவது, ஐந்தாவது அடியில் வெளிப்படும். சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் கலவை பூசினால் சுவர் ஈரத்தை வெளியே விட்டு உலர வாய்ப்புண்டு. சுவரில் வரிசையாகத் துளையிட்டு வேதிப்பொருளைச் செலுத்தி ஓதத்தைத் தடுக்கும் முறையும் இருக்கிறது. அதைச் செய்பவரின் கைத்திறனைப் பொறுத்தே பலன் அமையும்.

அறிகுறி: வடக்குச் சுவரிலோ கூரையின் உட்புறத்திலோ திட்டுத்திட்டான கறை

வடகிழக்குப் பருவமழைச் சாரல் பெரும்பாலும் வடக்கு, கிழக்குச் சுவர்களிலேயே அடிக்கிறது. அதே மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடுவதால் வடக்குச் சுவரில் நேர்வெயில் படுவதேயில்லை. நனைவதும் உலராததும் ஒரே சுவருக்கு நேர்வதால், வீட்டில் பூஞ்சணம் முதலில் வரும் அறை பெரும்பாலும் வடகிழக்கு மூலை அறையாக இருக்கும். வாஸ்துவில் அந்த மூலைக்கு எவ்வளவு மதிப்பு இருந்தாலும் மழை அதைப் பார்ப்பதில்லை.

மழை பெய்த மறுநாள் கறை கருத்து, வெயில் அடித்த சில நாட்களில் வெளிறினால் அது மழைக்கசிவு. சன்ஷேடு சுவரோடு சேரும் இடம், ஜன்னல் சட்டத்தின் ஓரம், கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சந்திக்கும் கோட்டில் விழும் மயிரிழை விரிசல், ஏசிக் குழாய்க்காகப் போட்ட துளை ஆகியவற்றை வெளிப்புறத்திலிருந்து பார்க்க வேண்டும். ஐயம் தீராவிட்டால், மழையில்லாத நாளில் ரப்பர் குழாயால் சுவரின் கீழ்ப்பகுதியிலிருந்து தொடங்கி, ஒவ்வோர் இடத்திலும் சிறிது நேரம் நின்று, படிப்படியாக மேலே நீரடித்துச் செல்லலாம். மேலிருந்து தொடங்கினால் வழியும் நீர் எல்லா விரிசலையும் ஒரே சமயத்தில் நனைத்து, எது குற்றவாளி என்பதை மறைத்துவிடும்.

கூரையில் கறை என்றால், மொட்டை மாடியில் தட்டோடுகளின் இடுக்குகளையும், கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் ஓரத்தையும், நீர்ப்போக்கியின் வாயையும் பார்க்க வேண்டும். கான்கிரீட் தளமாக இருந்தால் நீர்ப்போக்கிகளை அடைத்து, இரண்டு அங்குல நீரை இரண்டு நாட்கள் தேக்கிச் சோதிப்பதுண்டு. இரண்டு அங்குல நீர் சதுர மீட்டருக்கு 50 கிலோ பாரம் என்பதால், தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் கூரையில் இதைச் செய்யவே கூடாது. கான்கிரீட் கூரையில் துருக்கறை தெரிந்தாலோ, பூச்சு பெயர்ந்து கம்பி வெளியே தெரிந்தாலோ, பூஞ்சணத்தை மறந்துவிட்டுக் கட்டடப் பொறியாளரை அழைக்க வேண்டும்.

நீர்புகாப் பெயிண்ட் என்று விற்கப்படுவதை வீட்டின் உட்புறத்தில் அடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெளியிலிருந்து வரும் நீர் வந்துகொண்டேதான் இருக்கும். உலர்ந்து வெளியேற இருந்த ஒரு பக்கத்தையும் அடைத்துவிட்டால், சுவர் முன்பைவிட நீண்ட நாள் ஈரமாக இருக்கும். அடைக்க வேண்டியது நீர் நுழையும் பக்கத்தை.

அறிகுறி: குளியலறையை ஒட்டிய சுவரில், மழைக்காலம் கோடைக்காலம் பாராமல் கறை

பருவத்தோடு மாறாத ஈரம் குழாய் ஈரம். அந்தக் குளியலறையை நான்கைந்து நாட்கள் பயன்படுத்தாமல் பூட்டி வைத்துப் பார்க்கலாம். கறை வெளிறத் தொடங்கினால், கசிவு கழிவுநீர் செல்லும் வழியிலோ டைல்ஸ் இடுக்கிலோ இருக்கிறது. பயன்படுத்தும்போது மட்டும் நீர் வருகிறது. சற்றும் மாறவில்லையென்றால், எப்போதும் நீர் நிறைந்து அழுத்தத்தில் நிற்கும் வரத்துக் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்து வைத்து, காலையில் ஒப்பிட்டால் உறுதியாகிவிடும். அடுக்குமாடியில் கறை நம் கூரையில், கசிவு மேல்வீட்டுக் குளியலறையில் என்றிருக்கும்போது, இந்தச் சோதனையை இரு வீட்டாரும் சேர்ந்து செய்வது வாக்குவாதத்தைக் குறைக்கும்.

டைல்ஸ் மேலேயே படியும் கருமை வேறு வகை. அது குளித்தபின் தங்கும் ஆவியால் வருவது. குளித்து முடித்தபின் எக்ஸாஸ்ட் ஃபேனை இருபது நிமிடம் ஓடவிட்டுச் சுவரைத் துடைப்பானால் வழித்துவிட்டால் போதும்.

அறிகுறி: கசிவே இல்லை, ஆனால் ஏசி அறையைச் சுற்றிப் பூஞ்சணம்

இதுதான் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது. குளிர்நாடுகளுக்காக எழுதப்பட்ட குறிப்புகள், வெளிச்சுவரின் உட்பரப்பு குளிர்ந்து அங்கே ஈரம் படிவதைப் பேசுகின்றன. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அது பொருந்தும். சென்னையிலோ கடலூரிலோ குளிர்ந்த பொருள் வெளிச்சுவர் அல்ல, ஏசி அறைதான். ஆகவே ஈரம் படிவது அந்த அறையின் சுவருக்கு மறுபக்கத்தில்.

நவம்பர் மாதக் கூடத்தில் காற்று 28 டிகிரியிலும் ஈரப்பதம் 85 விழுக்காட்டிலும் இருந்தால், அந்தக் காற்று 25 டிகிரிக்குச் சற்று மேலே குளிர்ந்ததும் நீராக மாறத் தொடங்கும். பக்கத்து அறையில் ஏசி 20 டிகிரியில் இரவு முழுவதும் ஓடும்போது, இடையிலுள்ள நாலரை அங்குலச் சுவரின் கூடத்துப் பக்கம் அந்த அளவை நெருங்கிவிடுகிறது. நீர்த்துளி அரும்பாவிட்டாலும் சுவரை ஒட்டிய காற்று ஈரத்தில் நிறைந்துவிடும். பூஞ்சணத்துக்கு அது போதும். அலுமினியத் தாளை ஒட்டினால் வெளிப்புறம்தான் நனையும். ஏசி அறைக்கு நேர் மேலே உள்ள வீட்டின் தரையிலும், நேர் கீழே உள்ள வீட்டின் கூரையிலும் இதே காரணத்தால் கறை வரலாம். குளிர்க்குழாயைச் சுற்றிய கறுப்பு நுரை உறை கிழிந்திருந்தால், குழாய் வியர்த்து, அது சுவரில் நுழையும் துளையைச் சுற்றிக் கருவளையம் தோன்றும். உறையை மாற்றினால் தீர்ந்தது.

பரிகாரம் எளிது: குளிரைக் குறைப்பது. 2020 முதல் இந்தியாவில் விற்கப்படும் அறை ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்பட வேண்டும் என்பது மின்சாரச் சிக்கனத்துக்காக வந்த விதி. மழைமாதங்களில் 26 டிகிரியும் மெதுவான மின்விசிறியும் சுவருக்கும் நல்லது. மழை இரவில் வெளியே 24, 25 டிகிரிதான் இருக்கும்போது இன்னொரு சிக்கல் எழுகிறது. அறை விரைவில் குளிர்ந்துவிடுவதால் கம்ப்ரசர் நின்றுவிட, ஏசியின் விசிறி மட்டும், உள்ளே காற்றைக் குளிர்விக்கும் ஈரமான குழாய்ச் சுருள்மீது காற்றை ஊதி, எடுத்த ஈரத்தைத் திரும்ப அறைக்குள்ளேயே விடுகிறது. அத்தகைய இரவுகளில் ‘டிரை’ எனும் நிலையில் வைப்பது பயன் தரும். அறைக்குத் தேவையானதைவிடப் பெரிய ஏசியை வாங்கினாலும் இதே கதைதான்.

இங்கே ஜன்னல் திறப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘காற்றோட்டமாக வையுங்கள்’ என்ற அறிவுரை நம் மழைக்காலத்தில் நேரம் பார்த்துப் பின்பற்ற வேண்டியது. மழை இரவில் 25 டிகிரி, 95 விழுக்காடு ஈரப்பதத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 22 கிராம் நீராவியைச் சுமக்கிறது. மழை விட்ட நண்பகலில் 30 டிகிரி, 60 விழுக்காட்டில் 18 கிராம். ஒழுங்காக ஓடும் ஏசி அறையில், 24 டிகிரி, 55 விழுக்காட்டில் 12 கிராம். ஆகவே வெயில் எட்டிப்பார்க்கும் பகல் நேரத்தில் எல்லாவற்றையும் திறந்து விடலாம். குளிர்ந்த அறையின் ஜன்னலை மழை இரவில் அகலத் திறந்து வைப்பதோ அறைக்குள் நீரை அழைத்து வருவதாகும்.

அறிகுறி: பீரோவில் பட்டுப்புடவை, செருப்பு, தோல்பை ஆகியவற்றில் வெண்பூஞ்சணம்

வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் பீரோவின் பின்புறத்தில் காற்று அசைவதில்லை. சுவரிலிருந்து நான்கு விரற்கடையாவது தள்ளி வைக்க வேண்டும். சுவரோடு சேர்த்துக் கட்டிய அலமாரியை நகர்த்த முடியாது என்பதால், அதன் சுவர் வெளிச்சுவராகவோ குளியலறைச் சுவராகவோ இருந்தால் மழைமாதங்களில் பட்டையும் தோலையும் அங்கே வைக்காதிருப்பதே நல்லது. அந்துருண்டை பூச்சியைத் தடுக்கும், ஈரத்தை உறிஞ்சாது. நாஃப்தலீன் கலந்த அந்துருண்டையோடு வைத்த துணியைக் கைக்குழந்தைக்குப் போர்த்துவதும் தவிர்க்கப்பட வேண்டும். ஜி6பிடி நொதிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். ஈரம் உறிஞ்ச சிலிக்கா ஜெல்லோ, கால்சியம் குளோரைடு டப்பாவோ பயன்படும். பின்னதில் தேங்கும் நீர் துணியில் சிந்தாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

மழையில் காயாத துணியைப் படுக்கையறையில் கொடி கட்டி உலர்த்துவது, பிழிந்த துணியில் மிச்சமுள்ள நீர் முழுவதையும் அறைக்காற்றில் கலப்பதாகும். கதவு மூடிய ஓர் அறையில், எக்ஸாஸ்ட் ஃபேனோ ஏசியின் ‘டிரை’ நிலையோ ஓட, அங்கே மட்டும் உலர்த்தினால் மற்ற அறைகள் தப்பும்.

அறிகுறி: கறை எதுவும் இல்லை, பூஞ்சண வாடை மட்டும்

முதலில் சாம்பிராணி, ஊதுபத்தி, அறை நறுமணம் எல்லாவற்றையும் இரண்டு நாள் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் வாடை எங்கிருந்து வருகிறது என்று மூக்குக்குத் தெரியாது. ஏசி போட்ட முதல் நிமிடத்தில் வாடை வந்து பிறகு குறைந்தால், சுருளிலும் நீர்த்தட்டிலும் பூஞ்சணம் இருக்கிறது: வடிகட்டியை இரு வாரங்களுக்கு ஒருமுறை கழுவி, நீர்க்குழாய் அடைப்பின்றி வழிகிறதா என்று பார்த்து, உட்பகுதியைத் தொழில்முறையில் கழுவச் சொல்ல வேண்டும். மற்றபடி, முன்கதவு வாஷிங் மெஷினின் ரப்பர் வளையம், சமையல் மேடைக்கு அடியிலுள்ள பிளைவுட், பரணில் கட்டிப் போட்ட பழைய நாளிதழ்கள், சுவரில் மாட்டிய படங்களின் பின்புறம் ஆகியவை வழக்கமான ஒளிவிடங்கள். ஜிப்சம் பலகையால் ஆன ஃபால்ஸ் சீலிங் இருந்தால் அதை முதலில் சந்தேகிக்கலாம். அப்பலகையின் மேலுறை காகிதம், அதன் மேலே என்ன நடக்கிறதென்று யாரும் பார்ப்பதில்லை.

வாடையை மறைக்கப் போடும் புகை தனித் தீங்கு. 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஒரு கொசுவத்திச் சுருள் முழுதாக எரியும்போது வெளியாகும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று கணக்கிட்டது. மழைக்காக ஜன்னலை மூடி, கொசுவுக்காகச் சுருளை ஏற்றி, காலையில் வரும் இருமலுக்குப் பூஞ்சணத்தை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. மாலைக்கு முன் ஜன்னலை மூடுவதும், கொசுவலை கட்டுவதும் ஒரே நேரத்தில் இரண்டையும் தீர்க்கும்.

காலையில் தலைபாரம் மட்டும் இருந்து, எழுந்து நடமாடியதும் தெளிந்தால் மூடிய அறையில் சேரும் கரியமில வாயு காரணமாக இருக்கலாம். சுவரில் மாட்டும் ஏசி அறைக்குள்ளிருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது, புதுக்காற்றைக் கொண்டுவருவதில்லை. கதவைச் சற்றே ஒருக்களித்து வைத்தால் போதும். ஆனால் எரிவாயு கெய்சர் உள்ள குளியலறையில் தலைசுற்றல் வந்தால் உடனே வெளியேற வேண்டும். அது கார்பன் மோனாக்சைடாக இருக்கக்கூடும், உயிரைப் பறிப்பது.

அகற்றுதல்

நீரின் வழியை அடைத்த பிறகே சுத்தம் செய்ய வேண்டும். கறை ஒரு சதுர மீட்டருக்குள் இருந்தால் நாமே செய்யலாம். மின்விசிறியை நிறுத்தி, அறைக் கதவை மூடி, ஜன்னலைத் திறந்து, என்95 முகக்கவசமும் கையுறையும் அணிந்து, கறையை முதலில் சோப்புநீரால் நனைத்துவிட்டுப் பிறகு தேய்க்க வேண்டும். உலர்ந்த நிலையில் சுரண்டினால் வித்துகள் வீடு முழுவதும் பறக்கும். பிளீச்சிங் திரவம் நிறத்தைப் போக்கும், ஆனால் நுண்துளை நிறைந்த பூச்சின் ஆழத்துக்கு அது சரியாகச் செல்வதில்லை. செத்த பூஞ்சணமும் ஒவ்வாமை தரும் என்பதால் தேய்த்து அகற்றுவதே முக்கியம். பிளீச்சிங் பவுடரையோ திரவத்தையோ கழிப்பறை ஆசிட்டோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது. நச்சான குளோரின் வாயு கிளம்பும். ஊறிப்போன ஜிப்சம் பலகை, இலவம்பஞ்சு மெத்தை, உப்பிய பிளைவுட் ஆகியவற்றைக் காப்பாற்ற முயல வேண்டாம். வெள்ளநீர் புகுந்த வீட்டில் ஒன்றிரண்டு நாட்களுக்குள் நனைந்தவற்றை உலர்த்தவோ வெளியேற்றவோ முடியாவிட்டால் பூஞ்சணம் பிடிப்பது ஏறத்தாழ உறுதி.

பெயிண்ட் அடிப்பதற்கு முன் அலுமினியத் தாள் சோதனையை மீண்டும் செய்து, இரு பக்கமும் உலர்ந்திருந்தால் மட்டும் தொடங்க வேண்டும். ஊறிய சுவர் உலர வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும், பண்டிகைத் தேதி அதற்குத் தெரியாது. சாமான்கள் வைக்கும் அறை, பழைய சுவர் ஆகியவற்றுக்குச் சுண்ணாம்பு வெள்ளையடிப்பை இன்றும் பரிசீலிக்கலாம். புதுச் சுண்ணாம்பின் கடுங்காரத்தில் பூஞ்சணம் வளர்வது கடினம். சுவர் மூச்சுவிடவும் அது இடம் கொடுக்கும். காற்றோடு சேர்ந்து அந்தக் காரம் நாளடைவில் குறைந்துவிடுவதால் ஆண்டுதோறும் அடிக்க வேண்டியிருக்கும்.

உடல்நிலை

சுவரிலுள்ள கருமையைக் கண்டு, 2021இல் கொரோனாவோடு பேசப்பட்ட ‘கருப்புப் பூஞ்சை’ நோய் என்று அஞ்சுவோர் உண்டு. அது வேறு வகைப் பூஞ்சைகளால், பெரும்பாலும் கட்டுப்பாடற்ற சர்க்கரை நோயாளிகளுக்கும் ஸ்டீராய்டு அதிகம் எடுத்தவர்களுக்கும் வந்தது. அந்நோயில் கருப்பாகத் தெரிவது இறந்த திசு. நிறத்தை வைத்துப் பூஞ்சணத்தின் வகையையோ நச்சையோ சொல்ல முடியாது. சுவர்ப் பூஞ்சணத்தால் பெரும்பாலோருக்கு வருவது தும்மல், மூக்கடைப்பு, கண் உறுத்தல். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத்திணறல் கூடும். ஆஸ்துமா நோயாளிகள், கீமோதெரபி பெறுவோர், உறுப்புமாற்று செய்துகொண்டோர் சுத்தம் செய்யும் வேலையில் ஈடுபடாமல், வேலை முடிந்து அறை உலரும்வரை வேறிடத்தில் தங்க வேண்டும். இருமல் சில வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, வெளியூர் சென்றால் குறைந்து வீடு திரும்பியதும் கூடினாலோ, எந்த அறையில், எந்த மாதங்களில், எவ்வளவு ஈரப்பதத்தில் கூடுகிறது என்று குறித்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டினால், அவர் காரணத்தைப் பிரித்தறிய அது உதவும்.